நைனாவின் ஹார்பர் பாஸ்

எம்.கே.பி. நகர்,
சென்னை-39.
17.9.2006

அன்புள்ள மகள் மகிழினிக்கு, ஜெய்பீம். அம்மா எழுதுவது. நானும் நைனாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் பதில் எழுதும்போது முதல் வரியிலேயே எழுது. போன தடவை பிலாஸ்பூர் ஸ்டேஷன் கதை, கேன்டீன் கதை எல்லாம் நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ஓரமாகக் காய்ச்சல் வந்து போனது என்று எழுதியிருந்தாய், அதற்கப்புறம் முழுக் கடிதத்தையும் காய்ச்சல்காரி எழுதியது என்று நினைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நான் வேலை பார்க்கிற பால்வாடியில் இந்த வருஷம் பிள்ளைகள் அதிகம், ஆயா ஒருத்திதான், அவளும் மதியத்துக்கு மேல் கண்ணில் படுவதில்லை. ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பேர் வந்து நம் பிளாக்கை அளந்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அளக்க மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும், டியூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குவார்ட்டர்சில் போன் இருப்பது கூடத்தில், நீ அழ ஆரம்பித்தால் எட்டுப் பெண்கள் சுற்றி நிற்பார்கள், எனக்கு அது பிடிக்காது. ஏப்ரலிலிருந்து நீ போன் செய்தபோதெல்லாம் நைனா ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன், அது பொய். அவருடைய ஹார்பர் பாஸைப் பிடித்து வைத்துவிட்டார்கள், அவர் கேட்டுக்குள் போகவே இல்லை. உனக்கு வேலை நிரந்தரம் ஆவதற்காகப் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம், அப்பன் பேரில் போலீசில் ஒரு காகிதம் கிடக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் நீ அங்கே யாரிடமாவது உளறுவாய் என்று பயந்தேன். ஜூலையில் நம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து உன்னைப் பற்றி விசாரித்து, டீ குடித்து, நல்ல குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். ஹார்பர் போலீஸ் வேறு, இவர்கள் வேறு, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நைனா நன்றாக இருக்கிறார் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன வருஷம் கூரையிலிருந்து காரை பெயர்ந்து உன் கட்டில் மேல் விழுந்ததே, அதைப் பூச வெண்சங்கு பைனான்ஸில் கடன் எடுத்தோம், மெயின் ரோட்டில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற கம்பெனி. அடையாளத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். நம் ரேஷன் கார்டில் இன்னும் புளியந்தோப்பு விலாசம்தான் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லி நான் சொல்லாத நாள் இல்லை. நைனா வழக்கம்போல ஹார்பர் பாஸை எடுத்து நீட்டினார். உனக்குத் தெரியாதா, கேஸ் கனெக்‌ஷனுக்கும் அதுதான், தவணையில் டி.வி. வாங்கியதற்கும் அதுதான், உன் ஹைஸ்கூல் அட்மிஷனுக்குக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்காமலே அதைத்தான் எடுத்து மேஜையில் வைத்தார். இந்தப் பக்கம் ஹார்பருக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லோருமே இப்படித்தான். போட்டோ, பேர், கையெழுத்து, மேலே கப்பல் படம் போட்ட முத்திரை, அதைக் காட்டினால் கடைக்காரன் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான், அந்தப் பார்வைக்காகவே காட்டுவார்கள். உள்ளே போக மட்டும் காட்ட வேண்டிய சீட்டு அது என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

ஏப்ரலில் ஒருநாள் ஹார்பர் கண்ட்ரோல் ரூமுக்கு யாரோ செல்போனில் கூப்பிட்டு, உள்ளே நிற்கிற கப்பலில் குண்டு வைத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். குண்டும் இல்லை ஒன்றும் இல்லை, வேலை மட்டும் அரை நாள் நின்றது. எந்த நம்பர் என்று பார்த்தால் அந்த சிம் கார்டு லோகநாதன் என்று நைனா பேரில் வாங்கியிருக்கிறது, கடையில் கொடுத்த ஜெராக்ஸ் ஹார்பர் பாஸ். உள்ளே வேலை செய்கிறவனே செய்திருக்கிறான் என்று அவர்கள் நினைத்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் நைனாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவர் செல்போனே வைத்துக்கொள்ளாத ஆள். இன்னா சார் இது, என் மூஞ்சி என்கிட்டதான் கீது, என் பேரு மட்டும் எங்கயோ பூந்து போன் பேசிகினு கீதே என்று சொல்லியிருக்கிறார். கூப்பிட்ட நேரத்தில் இவர் கப்பலுக்குக் கீழே கூட்டத்தோடு நின்று இரும்புக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார், மேஸ்திரி எத்திராஜ் சாட்சி சொன்னார், அதனால் அடி உதை ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். ஆனால் கேஸ் முடியும் வரை பாஸ் கிடையாது. நைனா கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் சொன்னது ஒன்றுதான்: உன் ஜெராக்ஸ் எங்கேயிருந்து வெளியே போனது என்று எழுத்தில் கொண்டுவா, நான் பாஸ் ஆபீசுக்கு எழுதுகிறேன். இவர் பாஸை எங்கே எல்லாம் கொடுத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் பஞ்சர் கடை ரஷீது பாய்க்கு செல்போன் பில் வந்தது, அவரிடமும் போன் கிடையாது. இட்லிக்கடை முத்தம்மாவுக்கும் வந்தது. அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, யார் பேசினாங்களோ அவங்க வந்து துட்டு கட்டுவாங்க என்று சும்மா இருந்தாள். இப்படி நம் பிளாக்கிலும் பின் பிளாக்கிலும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரும் ரஷீது பாய் கடையில் நின்று பேசிப் பார்த்ததில் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, எல்லோரும் வெண்சங்கு பைனான்ஸில் கடன்காரர்கள். கம்பெனிக்குப் போய்க் கேட்டார்கள். மேனேஜர் முதலில் எங்களிடமிருந்து ஒரு காகிதமும் வெளியே போகாது என்றார். அடுத்த வாரம் போனபோது, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த எல்லா விவரத்தையும் எங்கள் ஆள் ஒருவன் சி.டி.யில் நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவன் மேல் புகார் கொடுக்கப் போகிறோம் என்றார். ஆள் யார் தெரியுமா, நம் எதிர் வீட்டு சொக்கம்மாளின் மகன் செங்குட்டுவன்.

உனக்கு அவனைத் தெரியும், உன்னைவிட இரண்டு வருஷம் பெரியவன், மாநகராட்சிப் பள்ளியில் படித்து டைப்பிங், கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாம் முடித்து, அந்தக் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது சொக்கம்மாள் பிளாக் முழுக்க கேசரி கொடுத்தாளே. அவன் நைனாவிடம் வந்து சொன்னது வேறு மாதிரி. பழைய விண்ணப்பங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை மலை மாதிரி கிடந்ததாம், தலைமை ஆபீசிலிருந்து நெருக்கினார்களாம், மேனேஜரே, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சி.டி.யில் போட்டு மிண்ட் தெருப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடு, அவன் சீக்கிரம் அடித்துத் தருவான் என்று சொன்னாராம். இவன் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கிருந்து அது எத்தனை கை மாறி சிம் கார்டு கடைக்குப் போனதோ. சொன்னதற்கு எழுத்து உண்டா என்றால் இல்லை, வாயால் சொன்னதுதான். அந்த டி.டி.பி. சென்டர் பூட்டிக் கிடக்கிறது. உனக்கு அதில் என்னடா கிடைத்தது என்று நான் கேட்டேன், அந்த டி.டி.பி.காரன் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தான் அத்தே என்றான். நான் முழுசாக நம்பவில்லை. பிரியாணிக்கு மேல் ஏதாவது இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மூலையில் இருக்கிறது. வேலை போய்விட்டது, வீட்டில் இருந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனிக்குப் போய் அங்கேயே தங்கிக்கொண்டான்.

ரஷீது பாய்தான் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்துக் கொடுத்தார். தேவகிருபை என்று பேர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் அவர் அண்ணன் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார், கடைக்கு மேலேயே இவருடைய ஆபீஸ், மிளகாய் நெடியில் உட்கார்ந்துதான் சட்டம் கேட்க வேண்டும். அந்த அம்மா முதலில் கேட்டது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. எல்லோரும் பில்லைப் பற்றிச் சொன்னார்கள். அதற்கு அவர், போன் கம்பெனிக்கு இது என் கனெக்‌ஷன் இல்லை என்று பதிவுத் தபாலில் எழுதிப் போட்டு, திரும்பி வருகிற அட்டையைப் பத்திரமாக வையுங்கள், ஒரு பைசா கட்டாதீர்கள் என்று முடித்துவிட்டார். நைனா மட்டும் எனக்குப் பாஸ் வேண்டும் என்றார். அதை எந்தக் கோர்ட்டிலும் நேராகக் கேட்க முடியாது ஐயா, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார் அந்த அம்மா. பிறகு வழிகளைச் சொன்னார், நான் கூட இருந்து கேட்டேன். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம், கட்டணம் வாங்கிய கம்பெனி உங்கள் விவரத்தைப் பத்திரமாக வைக்கவில்லை என்பது சேவையில் குறைபாடு, தனியாகவும் கேட்கலாம், பாதிக்கப்பட்ட எல்லோரும் மன்றத்தின் அனுமதி வாங்கி ஒரே மனுவாகவும் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஆனால் கிடைப்பது நஷ்ட ஈடு, அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்கென்று இரண்டாயிரத்தில் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதியில்லாமல் நகல் எடுத்தவனிடம் நஷ்ட ஈடு கேட்கலாம், அதை விசாரிக்க சர்க்கார் செயலாளர் ஒருவரே நீதிபதி மாதிரி உட்காருவார், ஆனால் அந்தச் சட்டம் எடுத்த கையைத்தான் பிடிக்கிறது, பெட்டியைத் திறந்து போட்டவனை என்ன செய்வது என்று அதில் தெளிவாக இல்லை. ரிசர்வ் பாங்குக்கு எழுதலாம், அவர்கள் கம்பெனியைக் கேள்வி கேட்பார்கள், உங்களுக்கு ஒன்றும் வாங்கித் தர மாட்டார்கள். போலீஸ் புகார் தனி. இல்லையென்றால் சமாதானம், கம்பெனி ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு இனி வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது, போட்ட கையெழுத்தைத் திரும்ப அழிக்க முடியாது என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் யாருக்கு அதிகமோ அவர்தான் முதலில் ஏமாறுவார் என்றார். அவசரம் நமக்குத்தான் அதிகம்.

கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. செல்போன் பில் விவகாரத்தைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும், கடனுக்கு ஒரு வருஷ வட்டி கிடையாது, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ரஷீது பாய் போட்டார், முத்தம்மா ரேகை வைத்தாள், மற்றவர்களும் போட்டார்கள். அதில் தப்பில்லை, அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. நைனாவை மட்டும் மேனேஜர் தனியாக உட்கார வைத்து வேறு பேசினார். உங்களுக்கு வேண்டிய கடிதத்தை நாளைக்கே தருகிறோம், ஹார்பருக்கும் போலீசுக்கும் சேர்த்து, உங்கள் பாஸ் நகல் எங்கள் கிளையிலிருந்துதான் போனது என்று கம்பெனித் தாளில் எழுதித் தருகிறோம், பதிலுக்கு நீங்கள் செங்குட்டுவன் மேல் புகாரில் கையெழுத்துப் போட வேண்டும், சி.டி.யை அவன் விற்றதாக அவனே உங்களிடம் ஒப்புக்கொண்டான் என்று இருக்கும் என்றார். கம்பெனிக்கு வேண்டியது அதுதான், பாதிக்கப்பட்ட ஆளே ஒருவனைக் கை காட்டிவிட்டால் கம்பெனிப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். வக்கீல் அம்மாவும் இதை ஒளிக்கவில்லை, பாஸ் சீக்கிரம் வர வேண்டுமானால் இதுதான் குறுக்கு வழி, போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவன் சொல்லாததைச் சொன்னான் என்று எழுதுவது பொய்ச் சாட்சி என்றார்.

நான் போடச் சொன்னேன். இதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை, இப்போதும் அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. செங்குட்டுவன் சொக்கம்மாள் பெற்ற பிள்ளை, நான் பெற்றது உன்னை, உன் வேலை நிரந்தரமாகாமல் நின்றால் அவனா வந்து பார்க்கப்போகிறான் என்று கேட்டேன். நைனா பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார், இன்னாமே சொல்ற, நான் செய்யாத ஒண்ண என் பேர்ல எவனோ எழுதிட்டான்னுதான நான் தெருத்தெருவா அலஞ்சிகினு கீறேன், அதயே நான் இன்னொருத்தன் பேர்ல எழுதணுமா, என் பேரு போலீசாண்ட கீது, கேட்டா திரும்பி வரும், சின்னப் பையன் பேரு போச்சின்னா எவன்கிட்ட போய் கேப்பான். அன்றைக்கு நான் இவரோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை, சாப்பாடு மட்டும் போட்டேன். அவர் போய் நுகர்வோர் மன்றத்தில் தனியாக மனுப் போட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் சேர்ந்து போட ஆள் இல்லை.

அப்புறம் வாய்தா வாய்தா என்று போனது. பார்க் டவுனில் இருக்கிறது அந்த மன்றம், நைனா ஒவ்வொரு தடவையும் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார், கம்பெனி வக்கீல் பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்பார், இவர் திரும்பி வருவார். நடுவில் கொருக்குப்பேட்டையில் வெங்காய கோடவுனில் மூட்டை இறக்கப் போனார். கப்பலில் கிரேன் இருக்கிறது, கோடவுனில் முதுகுதான், அதுவும் இந்த வயதில். வீட்டுக்கு வந்தால் அவரிடம் வருகிற வெங்காய வாடை எனக்குப் பிடிக்கவில்லை, ஹார்பரில் இருந்து வரும்போது துருவும் ஆயிலும் நாறும், அது பழகிவிட்டிருந்தது. சாயந்திரம் எத்திராஜ் மேஸ்திரியும் மற்றவர்களும் ஷிப்டு முடிந்து இந்தப் பக்கமாக வருகிற நேரத்துக்கு இவர் மாடிக்குப் போய்விடுவார். அவர்களும் கேட்க மாட்டார்கள். நைனா தன் கூட்டத்தில் இடம் போய்விடுமோ என்று பயந்தார், வாய் திறந்து சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து நான் பாவப்பட்டதில்லை, இந்த வருஷம் பட்டேன்.

எதிர் வீட்டோடு போக்குவரத்தும் நின்றது. சொக்கம்மாளுக்கு விஷயம் தெரியும், நான் போடச் சொன்னதும் தெரியும், இங்கே பேசினால் எதிர் வீடு வரை கேட்கும், சுவர் அப்படிப்பட்ட சுவர். அவள் நைனாவைப் பார்த்தால் முகத்தைத் தாழ்த்திக்கொள்வாள், என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகஸ்ட் கடைசியில் செங்குட்டுவன் ஊருக்கு வந்தான். அதுவரை அவனுக்குப் பாஸ் விஷயம் தெரியாதாம், நைனா அவனிடம் பில்லைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார், வேலை போனது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறான், சொக்கம்மாள்தான் சொல்லியிருக்கிறாள். அவன் நம் வீட்டுக்குள் வரவில்லை, நேராக ராயபுரம் போய் வக்கீல் அம்மாவைப் பார்த்து, நான் போலீசில் போய்ச் சொன்னால் மாமா பாஸ் வருமா என்று கேட்டிருக்கிறான். வரும், ஆனால் கம்பெனி உன் மேல் ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறது, நீ உள்ளே போனால் வெளியே வர நாளாகும், மேனேஜர்தான் சொன்னார் என்று நிரூபிக்க உன்னிடம் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை என்று இவன் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டான், இன்ன தேதியில் இன்ன சி.டி.யை மேனேஜர் சொல்லி நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், லோகநாதன் பாஸ் அதில் இருந்தது என்று. அன்றைக்கே அவனை ரிமாண்ட் செய்தார்கள். சொக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் கதவைத் திறந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் எழுந்து போகச் சொல்லவில்லை.

அந்த வாக்குமூலத்தை வைத்து இன்ஸ்பெக்டர் பாஸ் ஆபீசுக்கு எழுதினார். போன வாரம் செவ்வாய்க்கிழமை பாஸ் நைனா கைக்கு வந்தது. மறுநாள் காலை ஷிப்டு, எத்திராஜ் மேஸ்திரி இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். நான் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனார், நான் ஜன்னலில் நின்று தெரு முனை வரை பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சாயந்திரம் அவர் வந்தது செங்குட்டுவனைக் கூட்டிக்கொண்டு. ஹார்பரின் ஜீரோ கேட் வரைக்கும் போனவர் உள்ளே போகாமல் திரும்பி, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அன்றைக்குத்தான் அவன் ஜாமீன் மனு. ஜாமீன் கொடுத்தாலும் பொறுப்பு ஏற்க இரண்டு பேர் நிற்க வேண்டும், நிலையான வேலை இருக்கிறதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், சொக்கம்மாளுக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. ஒரு ஆள் வக்கீல் அம்மாவின் அண்ணன், இன்னொரு ஆள் நைனா. கோர்ட் குமாஸ்தா அத்தாட்சி கேட்டதும் இவர் ஹார்பர் பாஸை எடுத்து நீட்டியிருக்கிறார். அதன் ஜெராக்ஸ் இப்போது கோர்ட் பைலுக்குள் இருக்கிறது. பையன் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் ஜாமீன் தொகைக்கும் பதில் சொல்வதற்கும் இவரைத்தான் பிடிப்பார்கள், பாஸும் மறுபடி போகும். முதல் நாளே வேலைக்குப் போகாமல் இதைச் செய்துவிட்டு வந்து, பசிக்குதுமே என்றார். புளிச்சோற்றை இரண்டு பேரும் கோர்ட் வாசலில் தின்றுவிட்டார்களாம், அதற்கு மேலும் பசி. நான் அன்றைக்குக் கத்திய கத்தலை இங்கே எழுதப்போவதில்லை, பின் பிளாக்கில் கேட்டால் சொல்வார்கள்.

நைனா மறுநாள் வேலைக்குப் போய்விட்டார், இப்போது ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறார். மன்றத்தில் மனு அப்படியே இருக்கிறது, வாபஸ் வாங்கவில்லை. மேனேஜர் சொல்லித்தான் சி.டி.யைக் கொடுத்ததாக வாக்குமூலம் வந்தபிறகு கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது, கூடுதலாகத் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். செங்குட்டுவன் மேல் கொடுத்த புகாரைத் திருத்தி, எங்கள் மேனேஜர் உத்தரவில்தான் வெளியே போனது என்று எழுதிக் கொடுக்கட்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்று நைனா சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுதுவார்களா என்று வக்கீல் அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை. அடுத்த வாய்தா ஆயுத பூஜை கழித்து.

எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து எதிர் வீட்டு வாசலில் செங்குட்டுவன் செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கிறேன். கிடந்தால்தான் பால் காய்ச்சப் போவேன். முந்தாநாள் செருப்பு இல்லை. ஜாமீன் நிபந்தனைப்படி அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகிற நேரமும் இல்லை, சொக்கம்மாளும் வீட்டில் இல்லை. மகிழ், நீ நம்ப மாட்டாய், அப்போது பாஸ் ஞாபகமே எனக்கு வரவில்லை, அந்தப் பையன் தனக்கு ஏதாவது செய்துகொண்டானோ என்றுதான் பயந்தேன். தலையைக்கூட முடியாமல் படியிறங்கி ஓடினேன். தண்ணீர் லாரி முன்கூட்டியே வந்திருந்தது, அவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான், அவர்கள் குடத்தோடு படிக்கட்டில் கிடந்த நம் குடங்களையும் எடுத்துப்போய் வரிசையில் வைத்திருந்தான். எனக்கு வந்ததே கோபம், அத்தனை பேருக்கு நடுவில், எங்க போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போடா கஸ்மாலம் என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற சொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அதிலிருந்து அவன் டீக்கடைக்குப் போனாலும் நம் வாசலில் நின்று, அத்தே, டீ குடிச்சிட்டு வரேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். திரும்பி வந்ததையும் சொல்கிறான். அந்தக் குரல் கேட்கும் வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் உடம்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க வேண்டும், புத்தர் அருளும் பாபாசாகேப் வழியும் உனக்குத் துணை. அங்கே குளிர் ஆரம்பிக்கும் முன் கம்பளியை வெயிலில் போடு. யாருக்கு ஜெராக்ஸ் கொடுத்தாலும் இன்ன காரியத்துக்கு, இன்ன தேதி என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடு, வக்கீல் அம்மா சொன்னது. நைனாவிடம் போனில் பேசும்போது பாஸைப் பற்றி நீயாக எடுக்காதே, அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு உன் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா,
லோ. ரமாபாய்